இயக்க வட்டின் உறுதி

மாவரைக்கும் பொறியும் நீரிறைக்கும் பொறியும் மின்விசை வந்தவுடன் தத்தம் தொழிலைத் தொடங்கிவிடுகின்றன. அவற்றின் தொழில் அவற்றின் உறுப்புகளிலேயே அமைந்திருப்பதே அதற்குக் காரணமாகும். கணிப்பொறியின் இயல்பு வேறு. அது செய்ய வேண்டிய தொழில் முழுவதும் கட்டளைகளாக எழுதப்பட்டிருத்தல் வேண்டும். மின்விசை நின்றவுடன், அது தன் வேலைநினைவில் கொண்டிருந்த கட்டளைகள் எல்லாம் மறைந்துவிடும். மீண்டும் மின்விசை வரும்போது, தான் யார், தன் பணி யாது என்பவற்றை அஃது எங்கிருந்தேனும் படித்து அறிந்துகொள்ள வேண்டும். அவ்வாறு படித்தறிவதற்குரிய கட்டளைத் தொகுதியை இயங்குதளம் என்பர். இயங்குதளம் எழுதப்பட்டுள்ள பொருளை இயக்க வட்டு என்று நாம் வழங்கலாம். இக்காலத்தில் அது வட்ட வடிவினதாக இல்லாவிடினும், பழைய வழக்குப் பற்றி அதனை வட்டு என்றே கூறுதல் பொருந்தும்.

ஒருவன் தான் எழுதிய கட்டுரையையோ தான் எடுத்த நிழற்படத்தையோ ஒரு வட்டில் சேமித்து வைக்கிறான். அவ்வட்டில் ஒரு சிறு பகுதி கெட்டால் ஒரு கட்டுரை போகும். அல்லது ஒரு படம் போகும். ஏனையவை எஞ்சும். இயக்க வட்டில் அதே அளவான பகுதி கெட்டாலோ கணிப்பொறி முழுவதும் எழாமற் போகலாம். மேலும், சேமிப்பு வட்டினை நாம் வேண்டும்போது மட்டும் எடுத்துப் பயன்படுத்துகிறோம். இயக்க வட்டோ பொறி விழித்திருக்கும் நேரமெல்லாம் படிக்கப்பட்டும் எழுதப்பட்டும் வருகிறது. ஆதலின், சேமிப்புக்கு ஏற்ற பொருள் யாவும் இயக்கத்திற்கும் ஏற்றதாகும் என்று கொள்ளுதல் கூடாது.

கணிப்பொறியின் உள்ளே நிலையாகப் பொருத்தப்பட்ட வட்டுகளும் உண்டு. கையால் கழற்றி எடுத்து மாட்டக்கூடிய வட்டுகளும் உண்டு. முன்னாளில் பிளாப்பி எனப்பட்ட நெகிழ்வட்டும், இந்நாளில் மெமரி கார்டு எனப்படும் நினைவட்டையும், பென்டிரைவ் எனப்படும் விரலளவான நினைவகமும் பின்னவற்றுள் அடங்கும். இவை விலையிற் குறைந்தவை. எடுத்துச் செல்ல எளியவை. இவற்றை இயக்க வட்டாகக் கொண்டால் எத்துணைக் காலம் நம்பலாம், எவ்வாறு காத்தல் வேண்டும் என்பனவே இப்பாடத்தில் நாம் ஆராயப் புகுவன.

நெகிழ்வட்டின் பிறப்பே இவ்வினாவோடு தொடர்புடையது. அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாநிலத்தில் சான் ஹோசே என்னும் நகரில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் ஒன்று இருந்தது. அந்நிறுவனம் அக்காலத்தில் உருவாக்கிய பெருங்கணிப்பொறிகள், மின்விசை நின்றவுடன் தம் அடிப்படைக் கட்டளைகளை இழந்துவிடும் தன்மையன. அக்கட்டளைகளை மீண்டும் ஏற்றுவதற்கும், திருத்திய கட்டளைகளை அஞ்சலில் வாடிக்கையாளர்க்கு அனுப்புவதற்கும் ஏற்ற மலிவான கருவி ஒன்று வேண்டியிருந்தது. டேவிட் நோபிள் என்னும் பொறியாளரின் தலைமையில் இப்பணி நடந்தது. 1971 ஆம் ஆண்டில் 8 அங்குல அகலமுடைய நெகிழ்வட்டு வெளிவந்தது. அது சுமார் 80 கிலோபைட் அளவான செய்தியைக் கொண்டது. பொறியினால் அதனைப் படிக்க இயலுமேயன்றி அதில் எழுத இயலாது. எனவே, உலகின் முதல் நெகிழ்வட்டு, பொறியைத் துயிலெழுப்பும் பணிக்கென்றே பிறந்தது என்பதை நாம் உணர்தல் வேண்டும். தன்மேல் எழுத இடந்தராத ஒன்றாக அது பிறந்தது என்பதும் கருதத்தக்கது. இதன் சிறப்பினைப் பின்னர்க் காண்போம்.

நாளடைவில் நெகிழ்வட்டு எழுதும் ஆற்றலையும் பெற்றது. 1976 ஆம் ஆண்டில் 5¼ அங்குல நெகிழ்வட்டு தோன்றியது. 1981 ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் தனிமனிதர்க்கான கணிப்பொறியை வெளியிட்டபோது, அதனுள் நிலையான வட்டு இல்லை. டாஸ் என்னும் இயங்குதளம் 160 கிலோபைட் கொண்ட நெகிழ்வட்டில் இருந்தது. பயன்படுத்துவோர் ஒவ்வொரு முறையும் அதனைப் பொறியின் வாயில் செருகி, பொறியை எழுப்புவர். 1983 ஆம் ஆண்டில் வெளிவந்த அதன் பின்தோன்றலில்தான் 10 மெகாபைட் கொண்ட நிலையான வன்வட்டு இடம்பெற்றது. அதுவரையில் பலருடைய கணக்கும் கடிதமும் ஒரு மெல்லிய வட்டின் நலத்தையே நம்பியிருந்தன.

அவ்வட்டின் அமைப்பைச் சிறிது நோக்குவோம். மெல்லிய பாலியெஸ்டர் தகட்டின்மீது இரும்பு ஆக்சைடுப் பூச்சு ஒன்று உண்டு. அப்பூச்சின் நுண்ணிய பகுதிகள் காந்தத் தன்மை ஏற்று, செய்தியைத் தாங்குகின்றன. பொறியின் படிப்புமுனை அப்பூச்சின்மேல் நேராக உராய்ந்து செல்லும். வன்வட்டிலோ படிப்புமுனை தகட்டைத் தொடாமல், நூலிழையினும் மிகக் குறைந்த இடைவெளியில் காற்றில் மிதந்து செல்லும். தூசி புகாதவாறு அது மூடப்பட்டும் இருக்கும். நெகிழ்வட்டிற்கு இவ்விரு காப்பும் இல்லை. தூசி ஒன்று இடையிற் புகுந்தால் பூச்சில் கீறல் விழும். விரல் பட்டால் எண்ணெய்ப்பசை ஒட்டும். வெயிலில் வைத்தால் தகடு வளையும். ஒலிபெருக்கியின் அருகில் வைத்தால் அதன் காந்தம் எழுத்தைக் கலைத்துவிடும். ஒரே தடத்தைப் பன்முறை படித்தாலும் பூச்சுத் தேயும். இயக்க வட்டில் இயங்குதளம் எழுதப்பட்ட தடங்களே மிகுதியாகப் படிக்கப்படும் என்பது வெளிப்படை.

அறிவுடையோர் இக்குறையை அறிந்து ஒரு வழக்கத்தை மேற்கொண்டனர். 5¼ அங்குல வட்டின் உறையில் ஓரிடத்தில் சிறு வெட்டு ஒன்று இருக்கும். அதனை ஒட்டுத்தாளால் மூடிவிட்டால் பொறி அவ்வட்டில் எழுத இயலாது. புதிதாக வாங்கிய இயக்க வட்டினை முதலில் இவ்வாறு மூடுவர். அதற்கு ஒரு படி எடுப்பர். மூலத்தைப் பெட்டியில் வைத்துவிட்டுப் படியைக் கொண்டே நாள்தோறும் பணிபுரிவர். படி தேய்ந்து கெட்டால் மூலத்திலிருந்து மற்றொரு படி எடுப்பர். வட்டு நொய்யதாயினும் அதனைக் கையாண்ட முறை உறுதியானதாக இருந்தமையால், பல்லாண்டுகள் பணி தடையின்றி நடந்தது.

இம்முறையின் வலிமைக்கு ஒரு பெருநகரமே சான்றாக விளங்குகிறது. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் மார்க்கெட் தெருவின் கீழே சுரங்கப் பாதையில் நகரத் தொடர்வண்டிகள் ஓடுகின்றன. அச்சுரங்கத்தில் வண்டிகளைத் தானே இயக்கி நெறிப்படுத்தும் கணிப்பொறி அமைப்பு 1998 ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. நாள்தோறும் காலையில் அவ்வமைப்பினை எழுப்புவதற்குரிய கட்டளைகள் 5¼ அங்குல நெகிழ்வட்டுகளிலிருந்தே ஏற்றப்பட்டு வந்தன. ஏறத்தாழ 20 அல்லது 25 ஆண்டுகள் உழைக்கும் என்று கருதியே அவ்வமைப்பினை நிறுவினர். அக்காலம் நிறைவுற்ற பின்னும் 2024 ஆம் ஆண்டில் அது நெகிழ்வட்டுகளைக் கொண்டே இயங்கியது. ஆயின் ஆண்டுதோறும் வட்டு கெட்டுப்போகும் அச்சம் வளர்ந்து வந்தமையால், அவ்வாண்டு அக்டோபர்த் திங்களில், 21 கோடியே 20 இலட்சம் டாலர் மதிப்பில் புதிய அமைப்பினை நிறுவ ஹிட்டாச்சி இரயில் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்ய நகரப் போக்குவரத்துக் கழகம் இசைவளித்தது. நொய்ய பொருளும் முறையாகக் காக்கப்பட்டால் நெடுங்காலம் உழைக்கும் என்பதும், எப்பொருளுக்கும் ஓர் எல்லை உண்டு என்பதும் இந்நிகழ்ச்சியால் ஒருங்கே விளங்கும்.

இனி, நெகிழ்வட்டினை விடுத்து இக்காலத்து நினைவட்டைக்கு வருவோம். ஜப்பான் நாட்டுத் தோஷிபா நிறுவனத்தில் பணிபுரிந்த புஜியோ மசுவோகா என்னும் அறிஞர், மின்விசை நின்ற பின்னும் செய்தியை மறவாத பிளாஷ் என்னும் நினைவகத்தைப் பற்றி 1984 ஆம் ஆண்டில் அறிஞர் அவையில் எடுத்துரைத்தார். 1987 ஆம் ஆண்டில் அதன் மற்றொரு வகையாகிய நாண்டு பிளாஷ் வெளிப்பட்டது. இன்று நாம் காணும் நினைவட்டைகளிலும் பென்டிரைவுகளிலும் உள்ளது அதுவே. எஸ்.டி. கார்டு என்னும் நினைவட்டையின் அமைப்பினை 1999 ஆம் ஆண்டில் மூன்று நிறுவனங்கள் கூடி அறிவித்தன. அதனை அடுத்துப் பென்டிரைவுகளும் கடைகளுக்கு வந்தன. இவற்றுள் சுழலும் தகடு இல்லை; உராயும் முனையும் இல்லை. ஆதலால் இவை தேய்வே இல்லாதவை என்று மக்கள் பலர் எண்ணினர். அவ்வெண்ணம் பிழையாகும்.

பிளாஷ் நினைவகத்தின் உள்ளே கோடிக்கணக்கான நுண்ணறைகள் உள்ளன. ஒவ்வோர் அறையும் மின்கடத்தாப் பொருளால் ஆகிய மெல்லிய சுவரால் சூழப்பட்டது. எழுதும்போது எலெக்ட்ரான்கள் அச்சுவரின் ஊடாக வலிந்து உள்ளே செலுத்தப்படுகின்றன. சுவர் அவற்றை வெளிவிடாமல் காக்கிறது. அதனாலேயே மின்விசை இல்லாதபோதும் செய்தி நிலைக்கிறது. அழிக்கும்போது அவை மீண்டும் சுவரின் ஊடாக வலிந்து வெளியேற்றப்படுகின்றன. இவ்வாறு போக்கும் வரவும் நிகழுந்தோறும் சுவர் சிறிது சிறிதாகப் பழுதுறுகிறது. இறுதியில் அவ்வறை எலெக்ட்ரான்களை அடக்கி வைக்கும் ஆற்றலை இழந்துவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத இத்தேய்வே நினைவட்டையின் முதுமை ஆகும்.

ஓர் அறையில் ஒரு பிட் மட்டும் எழுதும் வகை, சுமார் ஓர் இலட்சம் முறை அழித்தெழுதுவதைத் தாங்கும். இரண்டு பிட்டுகள் எழுதும் வகை சில ஆயிரம் முறை தாங்கும். மூன்று பிட்டுகள் எழுதும் வகை ஆயிரம் முறை என்னும் அளவிலேயே தாங்கும். சிறிய இடத்தில் மிகுதியான செய்தியை அடக்க முயலுந்தோறும் ஆயுள் குறைகிறது. கடையில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் பெருங்கொள்ளளவுடைய அட்டைகள் பெரும்பாலும் பின்கூறிய வகைகளைச் சேர்ந்தவை.

பிளாஷ் நினைவகத்திற்கு மற்றோர் இயல்பும் உண்டு. ஓலையில் ஓர் எழுத்தைச் சுரண்டித் திருத்துவதுபோல் அதில் ஓரிடத்தை மட்டும் அழிக்க இயலாது. பல பக்கங்கள் சேர்ந்த ஒரு தொகுதியை முழுவதும் துடைத்தே மீண்டும் எழுதுதல் கூடும். பலகை முழுவதும் கணக்கு எழுதிய மாணவன், ஓர் இலக்கத்தைத் திருத்துவதற்காகப் பலகை முழுவதையும் துடைத்து அனைத்தையும் மீண்டும் எழுதும் நிலையை இதற்கு ஒப்பிடலாம். அவ்வாறு ஒரே தொகுதி பன்முறை துடைக்கப்பட்டுத் தேயாதிருத்தற்பொருட்டு, அட்டையின் உள்ளே கட்டுப்படுத்திச் சில்லு ஒன்று அமைந்துள்ளது. அது எழுதும் பணியைத் தொகுதிகள் எல்லாவற்றுக்கும் பகிர்ந்தளிக்கிறது. கணிப்பொறிகளின் உள்ளே பொருத்தப்படும் எஸ்.எஸ்.டி. வட்டுகளில் இச்சில்லு திறன் மிக்கது. விலை மலிந்த நினைவட்டைகளில் அதன் திறன் குறைவு.

இதனை ஒரு கணக்கால் விளக்குவோம். ஒரு பொறி தன் செயற்குறிப்பினை நிமிடத்திற்கு ஒரு வரியாக அட்டையில் எழுதுகிறது என்று கொள்வோம். ஒரு நாளில் அது 1,440 முறை எழுதும். ஒவ்வொரு முறையும் 4 மெகாபைட் அளவான ஒரு தொகுதியைப் புதிதாக எழுத நேர்கிறது என்று கொண்டால், நாள் ஒன்றுக்கு 5,760 மெகாபைட் எழுதப்படும். ஆண்டு ஒன்றுக்கு இது சுமார் 2,100 கிகாபைட் ஆகும். 8 கிகாபைட் கொள்ளளவும் ஆயிரம் முறை தாங்கும் ஆற்றலும் உடைய அட்டை, தேய்வு எங்கும் சமமாகப் பகிரப்பட்டால், மொத்தம் 8,000 கிகாபைட் தாங்கும். எனவே நான்கு ஆண்டுகள் நிறைவதற்குள் அதன் ஆயுள் முடியும். ஒன்றுக்குப் பதிலாக ஐந்து நிரல்கள் அவ்வாறே எழுதினால் ஓராண்டுகூட நில்லாது. வரி சிறிது, அதன் பொருட்டு நிகழும் தேய்வு பெரிது. இக்கணக்கு நாம் வைத்துக்கொண்ட அளவுகளைப் பொறுத்தது. எனினும் உண்மையின் போக்கினை உணர்த்தப் போதுமானது.

இக்கணக்கின் மெய்ம்மையை உலகோர் பலர் ஒரு சிறிய கணிப்பொறியால் அறிந்தனர். இங்கிலாந்து நாட்டுக் கேம்பிரிட்ஜ் நகரில், சிறுவர்க்குக் கணிப்பொறிக் கலையைக் கற்பிக்கும் நோக்கத்துடன் உருவாக்கப்பட்ட இராஸ்பெரி பை என்னும் பொறி, 2012 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் விற்பனைக்கு வந்தது. அது உள்ளங்கையில் அடங்கும் அளவினது. அதன் விலை 35 டாலர். விலையைக் குறைக்கும்பொருட்டு அதில் நிலையான வட்டு எதுவும் வைக்கப்படவில்லை, எஸ்.டி. நினைவட்டையே அதன் இயக்க வட்டு. மாணவன் சிறிது நேரம் பயின்று முறையாக நிறுத்தும் பொறிக்கு அவ்வேற்பாடு போதுமானது. ஆயின் மக்கள் அதனை வேறு பணிகளுக்கும் அமர்த்தினர். வானிலை அளக்கவும், வீட்டு வாயிலைக் கண்காணிக்கவும், இரவும் பகலும் ஓயாது இயங்குமாறு விட்டனர். ஓயாத செயற்குறிப்புகள் அட்டையைத் தேய்த்தன. நிறுத்த வேண்டிய போது, முறைப்படி நிறுத்தாமல் மின்கம்பியைப் பிடுங்கினர். எழுதிக்கொண்டிருக்கும் வேளையில் மின்விசை அற்றுப்போனால், துடைத்த தொகுதி மீண்டும் எழுதப்படாமல் பாதியில் நின்றுவிடும். அத்தொகுதியில் இயங்குதளத்தின் உறுப்பு ஒன்று இருந்தால் பொறி மறுமுறை எழாது. அட்டை புதியதாயினும் இத்தீங்கு நேரக்கூடும். மின்தடை அடிக்கடி நிகழும் ஊர்களில் இதனை நாம் குறிப்பாக நினைவிற் கொள்ளல் வேண்டும்.

இக்குறையை நீக்கப் பின்னர் வழிகள் காணப்பட்டன. 2016 ஆம் ஆண்டில் வந்த மூன்றாம் வகைப் பொறி, யு.எஸ்.பி. வழியாக இணைக்கப்பட்ட வட்டிலிருந்தும் எழும் ஆற்றல் பெற்றது. 2023 ஆம் ஆண்டில் வந்த ஐந்தாம் வகையில் விரைவான எஸ்.எஸ்.டி. வட்டினை இணைப்பதற்கு உரிய இடம் அமைக்கப்பட்டது. இயங்குதளத்திலும் ஒரு வசதி சேர்க்கப்பட்டது. அதனைத் தேர்ந்துகொண்டால், நினைவட்டை படிப்பதற்கு மட்டும் பயன்படும். எழுதுபவை யாவும் வேலைநினைவிலேயே நின்று, பொறி உறங்கும்போது மறைந்துவிடும். 1971 ஆம் ஆண்டின் முதல் நெகிழ்வட்டு படிப்பதற்கு மட்டும் உரியதாய் இருந்தது என்று முன்னர்க் கண்டோம். ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்த பின்னர், பொறியாளர் அம்முறையின் நன்மையை மீண்டும் நாடினர் என்க.

மலிவான சிறு பொறிகளுக்கே இத்துன்பம் நேரும் என்று எண்ணுதல் கூடாது. டெஸ்லா நிறுவனத்தின் விலையுயர்ந்த மகிழுந்துகளில், ஓட்டுநரின் முன்னுள்ள திரையை இயக்கும் கணிப்பொறியில் 8 கிகாபைட் பிளாஷ் நினைவகம் பதிக்கப்பட்டிருந்தது. அது கழற்ற இயலாதவாறு பற்றவைக்கப்பட்டது. சராசரியாக 3,000 முறை அழித்தெழுதுவதைத் தாங்க வல்லது. பொறி இடைவிடாது எழுதியதனால் சில ஆண்டுகளில் அந்நினைவகம் தேய்ந்தது. திரை இருண்டது. திரை இருளவே, வண்டியைப் பின்னோக்கிச் செலுத்தும்போது பின்புறத்தைக் காட்டும் காட்சி மறைந்தது; முன்கண்ணாடியில் படியும் பனியை நீக்கும் விசையையும் இயக்க இயலாமற் போயிற்று. இது மக்களின் உயிரைப் பற்றிய செய்தி அன்றோ? அமெரிக்க அரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை வற்புறுத்தியதன்மேல், 2021 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 1,35,000 மகிழுந்துகளைத் திரும்ப அழைத்துப் பழுது நீக்க அந்நிறுவனம் இசைந்தது.

இந்நிகழ்ச்சி, கழற்றக்கூடிய வட்டின் சிறப்பு ஒன்றனையும் நமக்குப் புலப்படுத்துகிறது. பற்றவைத்த நினைவகம் கெட்டால் தேர்ந்த தொழிலாளர் வேண்டும். பலகையையே மாற்றவும் நேரும். கழற்றக்கூடிய அட்டை கெட்டாலோ, அதன் படி ஒன்று பேழையில் இருக்குமாயின், சிறுவனும் சில நிமிடங்களில் மாற்றிவிடலாம். நொய்மை அதன் குறை. மாற்றற்கு எளிமை அதன் நிறை. ஆனால் படி இல்லாதவனுக்கு இந்நிறை பயன்படாது.

கையால் மாற்ற முடியாத இடத்தில் நேர்ந்த இடர் ஒன்றையும் இங்கு நினைவு கூரலாம். அமெரிக்காவின் நாசா நிறுவனம் அனுப்பிய ஸ்பிரிட் என்னும் ஊர்தி 2004 ஆம் ஆண்டு ஜனவரியில் செவ்வாய்க் கோளில் இறங்கியது. அத்திங்கள் 21 ஆம் நாள் அதனுடன் இருந்த முறையான தொடர்பு அற்றது. அதன் பிளாஷ் நினைவகத்தில் கோப்புகள் அளவு கடந்து பெருகியமையால், விழிக்கும்போது அவற்றின் பட்டியலை ஏற்ற வேலைநினைவில் இடம் போதவில்லை. ஆகவே ஊர்தி விழிப்பதும் தடுமாறுவதும் மீண்டும் தன்னைத் தொடக்கத்திலிருந்து எழுப்பிக்கொள்வதுமாக இருந்தது. நினைவகம் தேயவில்லை, அதனைக் கையாண்ட மென்பொருளில் குறை இருந்தது. நற்பேறாக, பிளாஷ் நினைவகத்தை நாடாமலே ஊர்தியை எழுப்பும் மற்றொரு வழியைப் பொறியாளர் முன்னரே அமைத்திருந்தனர். புவியிலிருந்து அதற்குரிய கட்டளையை அனுப்பி அதனை எழுப்பினர். பின்னர் நினைவகத்தைத் துடைத்துச் சீர்செய்தனர். பிப்ரவரித் தொடக்கத்தில் ஊர்தி மீண்டும் பணியைத் தொடங்கியது. விழிப்பதற்கு இரண்டாவது வழி ஒன்று இருத்தல் வேண்டும் என்பதே இதனால் நாம் பெறும் படிப்பினை.

இதுகாறும் கண்டவற்றிலிருந்து, கழற்று நினைவகத்தை இயக்க வட்டாகக் கொள்வோர் கடைப்பிடிக்க வேண்டிய நெறிகளைத் தொகுத்துக் கூறுவோம்.

முதலாவது, நல்ல பொருளைத் தேர்தல். சந்தையில் போலி அட்டைகளும் உலவுகின்றன. 8 கிகாபைட் அட்டை ஒன்று தன்னை 64 கிகாபைட் என்று பொய்யாகக் கூறிக்கொள்ளுமாறு அமைக்கப்படுவதும் உண்டு. உண்மையான கொள்ளளவு நிறையும் வரையில் அது குற்றமின்றி உழைப்பதுபோல் தோன்றும். அதன்பின் எழுதுபவை முன்னர் எழுதியவற்றை அழித்துவிடும், அல்லது எங்கும் நில்லாமற் போகும். ஆதலின் புதிய அட்டையைப் பணிக்கு அமர்த்துமுன், அதனை முழுவதும் எழுதி நிரப்பி, எழுதியவாறே திரும்பப் படிக்கிறதா என்று சோதித்தல் வேண்டும். ஓயாது எழுதும் கண்காணிப்புக் கருவிகளுக்கென்றே செய்யப்பட்ட நீடித்துழைக்கும் அட்டைகள் உண்டு. அவற்றைத் தேர்தல் நன்று. வேண்டிய அளவினும் பெரிய அட்டையைக் கொண்டால், தேய்வு மிகுதியான தொகுதிகளுக்குப் பகிரப்படும்.

இரண்டாவது, எழுதுவதைக் குறைத்தல். வேண்டாத செயற்குறிப்புகளை நிறுத்திவிடலாம். வேண்டியவற்றை வேலைநினைவில் சேர்த்து வைத்து, நெடுநேரத்திற்கு ஒரு முறை எழுதலாம். இயங்குதளம் ஓரட்டையிலும் நாள்தோறும் மாறும் செய்திகள் மற்றொரு வட்டிலுமாகப் பிரித்து வைத்தல் சாலச் சிறந்தது. அங்ஙனம் செய்தால், ஒன்று கெட்டபோது மற்றொன்று பிழைக்கும்.

மூன்றாவது, முறையாக நிறுத்துதல். பொறிக்கு உறங்குமாறு கட்டளையிட்டு, அஃது எழுதி முடிக்கும் வரை பொறுத்திருந்து, பின்னரே மின்விசையை நீக்குதல் வேண்டும். மின்தடை மிகுந்த இடங்களில் மின்கல ஏற்பாடு ஒன்று துணையாக இருத்தல் நலம்.

நான்காவது, படி எடுத்தல். இதில் ஒரு நுட்பம் உண்டு. இயக்க வட்டிலுள்ள கோப்புகளை ஒவ்வொன்றாக மற்றோர் அட்டைக்கு எடுத்து வைத்தால் மட்டும் அது பொறியை எழுப்பும் வட்டாகிவிடாது. பொறி விழித்தவுடன் முதலில் தேடும் தொடக்கப் பகுதியும், வட்டின் பிரிவுகளைக் குறிக்கும் அட்டவணையும் தத்தம் இடத்தில் இருத்தல் வேண்டும். ஆதலின் வட்டு முழுவதையும் முதலிலிருந்து முடிவு வரை உள்ளவாறே படியெடுத்தல் முறையாகும். பொறி உறங்கும்போது எடுக்கும் படியே குழப்பமற்ற படி.

ஐந்தாவது, படியைச் சோதித்தல். இதனைப் பலர் மறந்துவிடுகின்றனர். எடுத்த படியைக் கொண்டு பொறியை ஒரு முறையேனும் எழுப்பிப் பார்த்தல் வேண்டும். எழுப்பிப் பாராத படி, திறந்து பாராத மூட்டையை ஒக்கும். அதனுள் இருப்பது நெல்லா பதரா என்பது பஞ்சகாலத்தில்தான் தெரியவரும். மேலும், பிளாஷ் நினைவகத்தின் அறைகளிலிருந்து எலெக்ட்ரான்கள் ஆண்டுகள் செல்லச்செல்லச் சிறிது சிறிதாகக் கசிவதுண்டு. வெப்பம் மிகுந்த இடத்தில் இக்கசிவு விரையும். ஆகவே பேழையிலுள்ள படியையும் காலந்தோறும் எடுத்துப் பார்த்துப் புதுப்பித்தல் வேண்டும். பல்லாண்டுக் காப்புக்கு அட்டை ஒன்றையே நம்புதல் தகாது.

இக்கருத்து நமக்குப் புதியதும் அன்று. பனையோலையில் நூல்களை எழுதிய நம் முன்னோர், ஓலை நிலையாது என்பதை நன்கு அறிந்திருந்தனர். செல்லும் பூச்சியும் ஈரமும் அதற்குப் பகை. அவர்கள் ஓலைக்கு எண்ணெய் பூசினர்; சுவடியைக் கட்டிக் காற்றுப்படும் இடத்தில் வைத்தனர்; ஏடு முதுமையுறுமுன் புதிய ஏட்டில் படியெடுத்தனர். படியெடுத்ததை மூலத்தோடு ஒப்பு நோக்கித் திருத்தினர். அவ்வாறு செய்யப்பட்ட நூல்கள் நம் கைக்கு வந்தன. படியெடுப்பார் இல்லாத நூல்கள் ஓலையோடு மறைந்தன. இரும்பு ஆக்சைடு பூசிய தகடாயினும் எலெக்ட்ரான்களை அடைத்து வைக்கும் சில்லாயினும் இந்நியதிக்குப் புறம்பானவை அல்ல.

மாணவர்களே! உங்கள் பள்ளியிலோ இல்லத்திலோ உள்ள பொறி ஒவ்வொரு நாளும் தடையின்றி விழிப்பதைக் காணும்போது, நாளையும் அவ்வாறே விழிக்கும் என்று எண்ணி வாளா இராதீர்கள். அதன் இயக்க வட்டு எங்குள்ளது, எவ்வகையினது, அதற்குப் படி உள்ளதா, அப்படி கடைசியாக என்று சோதிக்கப்பட்டது என்னும் வினாக்களை எழுப்புங்கள். விடை கிடைக்காவிடின், அன்றே ஒரு படி எடுத்து, அதன்மேல் நாளைக் குறித்து வையுங்கள்.

பயிற்சி

1. சேமிப்பு வட்டுக்கும் இயக்க வட்டுக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. முதல் நெகிழ்வட்டு எப்பணிக்காக உருவாக்கப்பட்டது? அதன் எந்த இயல்பைப் பிற்காலத்துப் பொறியாளர் மீண்டும் நாடினர்?
3. சுழலும் உறுப்பு இல்லாத நினைவட்டை தேய்வதற்குக் காரணம் என்ன?
4. ஒரு பொறி இரண்டு நிமிடங்களுக்கு ஒரு முறை எழுதுகிறது. பாடத்தில் கூறிய ஏனைய அளவுகளை அவ்வாறே கொண்டு, 8 கிகாபைட் அட்டையின் ஆயுளைக் கணக்கிடுக.
5. கழற்றக்கூடிய வட்டின் குறை எது? நிறை எது? அந்நிறை எவருக்குப் பயன்படும்?
6. ‘எழுப்பிப் பாராத படி’ என்னும் தலைப்பில் ஒரு பக்க அளவில் கட்டுரை வரைக.